கவுண்டர் மனசு

கம்பெனி என்றால் ஏதாவது ஒரு சத்தம் கேட்க வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது பாலபாடம். மில் என்றால் சங்கு ஊதும். பவுண்டரி என்றால் சம்மட்டி விழும். பம்பு செட் பட்டறை என்றால் இரும்பை ராவுகிற சத்தமாவது பல்லைக் கூச வைக்கும். ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் அந்த பங்களா வாசலில் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்து மின்விசிறி சுற்றுகிற ஓசையும் யாரோ தொண்டையைக் கனைக்கிற ஓசையும்தான் வந்தன. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

1964 கோடை. கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி பெற்று, சான்றிதழ் கொண்டு வராதவனுக்குக் கடைசி வருடத்தில் இடமில்லை என்று எங்கள் என்ஜினீயரிங் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. மில்களையும் பவுண்டரிகளையும் மாமன் மச்சான் உள்ளவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ‘பிரிசிஷன் ஆலோசனை நிலையம்’.

“அங்கே என்ன சார் செய்வார்கள்?” என்று பேராசிரியரைக் கேட்டேன்.

“ஆலோசனை” என்றார்.

“அதை யார் சார் வாங்குவார்கள்?”

எங்கள் அன்னூரில் அது கேட்காமலே கிடைக்கிற சரக்கு. பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கம்பெனியின் டைரக்டர் சீனிவாசலு பெரிய மில் குடும்பத்துப் பிள்ளை. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் மில்லுக்குள் வராமல் இருப்பதே மில்லுக்கு நல்லது என்று குடும்பம் கூடிப் பேசி, இந்தக் கம்பெனியை வைத்துக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். முதல் நாள் என்னை எதிரே உட்கார வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

“மிஸ்டர் பாலுசாமி, மில்காரன் நூல் விற்கிறான். நூல் அறுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பம்புக்காரன் பம்பு விற்கிறான். தண்ணீர் வராவிட்டால் வீடு தேடி வந்து திட்டுகிறார்கள். நாம் விற்பது ஆலோசனை. இதுவரை ஒருவர்கூட அதைத் திருப்பிக் கொடுத்ததில்லை. இதிலிருந்தே நம் சரக்கின் தரம் உமக்கு விளங்கவில்லையா?”

விளங்கியது என்று தலையாட்டினேன். பிறகு எனக்கு ஒரு டை கொடுத்தார்கள். அது எனக்கே எனக்கானது அல்ல, கம்பெனியின் பொது டை. சுவரில் ஆணியில் தொங்கும். வாடிக்கையாளர் கார் வாசலில் நிற்கிற சத்தம் கேட்டால் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறவர் பாய்ந்து எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். டை இல்லாத பின்னறைக்காரர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. அதில் எத்தனை பேருடைய வியர்வை இருந்தது என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு வேலை பழக்கிக் கொடுக்க வேண்டியவர் கண்ணையா. மூத்த ஆலோசகர். அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தவர். வாசல் ஏறுகிற அம்மாளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். அந்தத் திறமைக்காகத்தான் சீனிவாசலு அவரைக் கொத்திக்கொண்டு வந்தார்.

“அறிக்கை எழுதறதுல முதல் படி என்னங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“மொதல்ல, நம்மகிட்ட வர்ற மொதலாளி மனசுல என்ன இருக்குதுன்னு கண்டுபிடிக்கோணுமுங்க தம்பி.”

“கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துட்டு முடிவு சொல்ல வேண்டாமுங்களா?”

கண்ணையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “முடிவு தெரியாம கணக்கை ஆரம்பிச்சா, அது எங்க போயி நிக்கும்னு ஆருக்குத் தெரியும்? நாம கணக்குப் போட்டு, அது மொதலாளிக்குப் புடிக்காத பக்கமாப் போயிட்டா, அப்புறம் அதை இழுத்துட்டு வரது எத்தனை செரமம்! புள்ளை என்ன புள்ளைன்னு தெரிஞ்சபொறகு ஜாதகம் எழுதறதுதானுங்க மொறை.”

ஒளிவு மறைவில்லாமல் பேசுகிற மனிதர். அதனாலேயே அவர்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

அடுத்த வாரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், உள்ளே வந்தவர் சென்னிமலைக் கவுண்டர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கூடவே அவருடைய மாப்பிள்ளை நாச்சிமுத்து, கறுப்புக் கண்ணாடியோடு.  கவுண்டருக்கு அன்னூரில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி இருக்கிறது. அதில் ஃபிட்டராக இருக்கிற சுப்பையன்தான் என் அப்பா.

நாச்சிமுத்து நேராக விஷயத்துக்கு வந்தார். “பேக்டரியை மூடிப்போடலாமுங்களா, நடத்தலாமுங்களான்னு விஞ்ஞான முறையில நீங்க சொல்லோணும். அந்த எடத்துல சினிமாக் கொட்டகை கட்டுனா நல்லாருக்கும்ங்கறது என்ற அபிப்பிராயம். ஆனா மாமா சொல்றதுதான் முடிவுங்க.”

“உங்கள் எண்ணம் என்ன?” என்று சீனிவாசலு கவுண்டரைக் கேட்டார்.

கவுண்டர் இரண்டு கையையும் கூப்பினார். “நீங்கல்லாம் படிச்சவங்க. நீங்க சொன்னாச் செரிங்க.”

 அப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஜின் மெஷின்களைத் தவிர வேறு வேலை தெரியாது. பேக்டரி மூடினால் அவரை எந்த மில்லும் சேர்த்துக்கொள்ளாது. நான் கடைசி வருடம் படிப்பதும் அத்தோடு போயிற்று. இதையெல்லாம் கம்பெனியில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்னை அந்த வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள், உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர்களும் நான் யார் வீட்டுப் பையன் என்று கேட்கவில்லை. சீமைப் படிப்பில் அந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது.

கார் போனதும் கண்ணையா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மாப்பிள்ளைக்கு மூடோணும். அது தெரிஞ்சுபோச்சு. ஆனா சொத்து மாமனார் பேர்ல இருக்குது. அவருக்கு என்ன வேணுமுன்னு தெரியலீங்களே.”

“நாளைக்குத் தெரிந்துவிடும்” என்றார் சீனிவாசலு.

தெரியவில்லை. கவுண்டரை ஒரு பெரிய ஓட்டலுக்கு விருந்துக்கு அழைத்தார்கள். ஒருவனுடைய முடிவெடுக்கும் பாங்கை அவன் சாப்பிடுகிற விதத்தில் அறியலாம் என்று சீமைப் புத்தகம் ஒன்றில் இருந்ததாம். “காப்பி சாப்பிடுகிறீர்களா, டீ சாப்பிடுகிறீர்களா?” என்று டைரக்டர் கேட்டார். “எதுனாலும் செரிங்க” என்றார் கவுண்டர். இரண்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் இரண்டையும் குடித்துவிட்டு, இரண்டும் நன்றாக இருந்ததாகச் சொன்னார். நாற்காலியையும் சோபாவையும் காட்டி எதில் உட்காருகிறார் என்று பார்த்தார்கள். “நீங்க உக்காருங்க, அப்புறம் நான் உக்காரறனுங்க” என்று நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் டைரக்டருக்குத்தான் கால் வலித்தது.

அன்று மாலை ஆலோசகர்கள் கூடி ஆலோசித்தார்கள். ‘வாடிக்கையாளர் மிகவும் உறுதியானவர்’ என்று முடிவாயிற்று.

எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணையா இரண்டு அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்ய ஏற்பாடு செய்தார். ஒன்று மூடச் சொல்வது, இன்னொன்று நடத்தச் சொல்வது. நான் இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். கடைசி அத்தியாயத்தைத் தவிர எல்லாம் ஒன்றே. ஒரே வரைபடம்தான், ஒன்றில் ‘ஆபத்தான சரிவு’ என்றும் மற்றதில் ‘வளர்ச்சிக்கு முந்திய பதுங்கல்’ என்றும் அதன் கீழே எழுதியிருந்தது.

“இது ஏமாத்து இல்லீங்களா?” என்றேன்.

“எதுங்க தம்பி ஏமாத்து? ரெண்டுலயும் ஒரே கணக்கு. ஒரு எழுத்து மாத்துனமா? கணக்கை மாத்துனாத்தானுங்க அது ஏமாத்து!” கண்ணையாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

பிறகு டைரக்டரின் பார்வை என்மேல் விழுந்தது. “நீர் அந்தப் பக்கத்துப் பையன்தானே? கவுண்டர் வீட்டுக்குத் தினமும் போய் உட்காரும். பேக்டரி பற்றித் தகவல் சேகரிப்பதாகச் சொல்லும். உண்மையில் நீர் சேகரிக்க வேண்டியது அவர் மனசை. இதுதான் உமது பயிற்சி. இதில் தேறினால்தான் சான்றிதழ்.”

கவுண்டரின் தோட்டத்து வீடு அன்னூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. நான் சின்ன வயசிலிருந்தே கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படித்தவன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்ற தைரியத்தில் சைக்கிளில் போய் இறங்கினேன். கவுண்டரின் மனைவி மயிலாத்தாள் வாசலுக்கு வந்தார்.

“வாங்க கண்ணு. ஆரூட்டுப் பையனுங்க நீங்க?”

“கோயமுத்தூர்க் கம்பெனியிலிருந்து வாரனுங்க” என்றேன்.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. ஆனால் இரண்டாவது தடவை கேட்டால் மரியாதை இல்லை என்பதால் அவர் கேட்கவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மோரைக்கூட நான் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

தினமும் போனேன். கவுண்டர் எங்கே உட்கார்ந்தாலும் எதிரே உட்கார்ந்தேன். “பேக்டரி எப்படீங்க போகுது?” என்றால், “போகுதுங்க” என்பார். “மூடிட்டா எப்படீங்க இருக்கும்?” என்றால், “அது ஒரு மாதிரி இருக்குமுங்க” என்பார். ஒருநாள் அவர் பெருமூச்சு விட்டார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடி டைரக்டரிடம் சொன்னேன்.

“எந்தப் பக்கம் பார்த்து விட்டார்?” என்று எழுந்து நின்றுவிட்டார் சீனிவாசலு.

“மேற்கே பார்த்துங்க.”

“மேற்கே என்ன இருக்கிறது?”

“பேக்டரி இருக்குதுங்க. அதுக்கு முன்னாடி மாட்டுக் கொட்டகையும் இருக்குதுங்க.”

அன்றைக்கு முழுவதும் கம்பெனியில் அதுதான் பேச்சு. பேக்டரியை நினைத்து விட்ட மூச்சா, மாட்டை நினைத்து விட்ட மூச்சா? மாடு ஏதாவது நோயில் கிடக்கிறதா என்று விசாரித்து வரச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். மாடுகள் நன்றாகவே இருந்தன. கவுண்டர் நான் விசாரித்ததில் மனம் குளிர்ந்து, பால் கொடுத்து அனுப்பினார்.

இதற்கிடையில் வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. நான் பயிற்சி பெறுவது அதே கம்பெனியில்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பேக்டரியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். யாராவது புதுச் சட்டை போட்டால்கூட ‘இவன்தான் உள்ளாள்’ என்றார்கள். அப்பா மட்டும் கலங்கவில்லை.

“சீமைக்குப் போயிப் படிச்சவங்க கணக்குப் போடறாங்களாம். கணக்கு மூடச் சொன்னா மூடட்டும். கணக்கு ஓட்டச் சொன்னா ஓடட்டும். அதுல நாம என்ன சொல்றது?” என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அந்தக் கணக்கு மாட்டுக் கொட்டகையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? 

ஒரு வெள்ளிக்கிழமை கவுண்டர் குலதெய்வக் கோயிலுக்குப் பூக்கேட்கப் புறப்பட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மன் தலையில் பூவை வைத்து, காரியத்தை மனசுக்குள் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு உண்டு, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. நானும் பின்னாலேயே போனேன். பூசாரி பூவை வைத்தார். கவுண்டர் கண்ணை மூடி நின்றார். நானும் கண்ணை மூடி, “ஆத்தா, அவர் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் எங்கப்பனைக் காப்பாத்தற பக்கமா விழு” என்று வேண்டிக்கொண்டேன். பூ விழவே இல்லை. வெயில் சாய்ந்தது. பூசாரி கொட்டாவி விட்டார்.

“ஆத்தாளும் என்னையாட்டத்தானுங்க இருக்கறா” என்றார் கவுண்டர். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இதைக் கேட்ட சீனிவாசலு அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தார். “பாரும்! நம் நாடு ஏன் முன்னேறவில்லை என்று இப்போது தெரிகிறதா? ஒரு தொழிலின் தலைவிதியைப் பூவைக் கேட்டு முடிவு செய்வதா? மனிதனுக்குப் பகுத்தறிவு வேண்டாமா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “கொஞ்சமாவது எந்தப் பக்கமாவது சாய்ந்ததா?” என்று கேட்டார்.

“ஆடவே இல்லீங்க.”

அவர் நாற்காலியில் சரிந்தார். அறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாள் மறுநாள். இரண்டு அறிக்கைகளும் மேசைமேல் கிடந்தன. கண்ணையா வெற்றிலையைக்கூட மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். “தெரியலீன்னா மாப்பிள்ளை சொல்றதையே எழுதிப்போடலாமுங்க. மூடச் சொல்லிடலாம்” என்றார்.

“அவருக்கு மூட மனசில்லீங்க” என்றேன்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். 

“உமக்கு எப்படித் தெரியும்?”

“கோயில்ல கும்புட்டுட்டு வரப்ப முனகுனாருங்க. ‘எங்கப்பன் வெச்ச பேக்டரி, என்ற காலத்துல பூட்டு விழுந்துடக் கூடாது ஆத்தா’ன்னு. பக்கத்துல இருந்த என்ற காதுல நல்லாவே விழுந்துதுங்க.”

அப்பட்டமான பொய். கவுண்டர் வழியில் பேசியது வெயிலைப் பற்றி மட்டும்தான். ஆனால் சீனிவாசலுவின் முகம் பெட்ரோமாக்ஸ் ஏற்றினதுபோல ஆயிற்று.

“அடடா, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? தகவல் என்றால் இதுவல்லவா தகவல்!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். மூடச் சொல்லும் அறிக்கை பீரோவுக்குள் போயிற்று. அது இன்னொரு முதலாளிக்கு ஆகும் என்றார் கண்ணையா.

மறுநாள் கவுண்டர் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினோம். கம்பெனியின் பொது டையும் வந்திருந்தது. சீனிவாசலு வரைபடத்தைக் குச்சியால் தட்டித் தட்டி விளக்கினார்.

“விஞ்ஞானம் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. வாடிக்கையாளரின் விருப்பம் என்ன என்று நாங்கள் ஒரு கணமும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அது எங்கள் தொழிலுக்கே இழுக்கு. கணக்கு சொல்கிறது, இந்தப் பேக்டரி நடக்க வேண்டும்!”

நாச்சிமுத்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “சினிமாக் கொட்டகை கட்டுனா...”

“கணக்கு அப்படிச் சொல்லவில்லையே” என்றார் டைரக்டர் வருத்தத்தோடு.

விஞ்ஞானத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவரே நாச்சிமுத்துதான். அதை எதிர்த்து அவர் என்ன பேசுவார்? கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எல்லோரும் கவுண்டரைப் பார்த்தோம்.

கவுண்டர் கையைக் கூப்பினார். “நீங்க சொன்னாச் செரிங்க.”

அவ்வளவுதான். பலகாரம் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் லட்டோடு விழுங்கினேன். கம்பெனிக் கார் புறப்பட்டதும், சைக்கிளை எடுக்கப் போன என் பின்னாலேயே கவுண்டர் வந்தார்.

“ஏனுங்க தம்பி, உங்கப்பன் சுப்பையன் சௌக்கியமுங்களா?”

சைக்கிள் கை நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து தூக்கி நிறுத்தினார்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“மொத நாளேங்க. உங்கப்பன் மூக்கையே வெச்சுக்கிட்டு நீங்க ஆருகிட்ட மறைப்பீங்க? எங்கூட்டு அம்மணிதான், கேக்காதீங்க, பையன் சங்கடப்படுவான்னு சொன்னா.”

“நேத்து நான் கம்பெனியில ஒரு பொய் சொல்லிப்போட்டனுங்க. நடத்தோணும்னு நீங்க சொன்னதா...”

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சனுங்க. நான்தான் எதுவுமே சொல்லலையே.”

“அப்ப உங்க மனசுல என்னதானுங்க இருந்துது?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதைக் கேட்ட முதல் ஆள் நான் என்பதுபோல இருந்தது, இத்தனை நாளாக ஒரு கம்பெனியே அதைத்தான் தேடியது என்றாலும்.

“ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ளையப் பாத்து ஆகாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆளுகளைப் பாத்து நாளையிலிருந்து வேலை இல்லைன்னு சொல்றதுக்கும் வாய் வரலை. ஆத்தாளைக் கேட்டா அவளுக்கும் வாய் வரலை. சொல்றதுக்குன்னே ஒரு கம்பெனி இருக்குதுன்னாங்க. செரி, அவங்களே சொல்லட்டும்னு கூப்புட்டேன்.”

“நான் மூடோணும்னு சொல்லியிருந்தா?”

“மூடியிருப்பனுங்க” என்றார் அவர், அதே கூப்பிய கையோடு, அதே மரியாதையோடு. “பெத்த பையனே அப்பன் பொழப்புக்காக ஒரு பொய் சொல்லமாட்டீங்கறான்னா, நான் எதுக்குங்க வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கோணும்? வெயிலாகுது, பாத்துப் போங்க கண்ணு.”

சைக்கிளில் ஏறினேன். நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ற நினைப்பை மிதித்து மிதித்துத் தள்ளியும் அது கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. அப்பா குளித்து, திருநீறு பூசி, பொட்டலம் பிரித்து அல்வாவை எடுத்து வைத்திருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“நான் அப்பவே சொன்னனா இல்லியா? மாமனார் மொகத்தையும் பாக்கலை, மாப்பிள்ளை மொகத்தையும் பாக்கலை. நேர்மையாக் கணக்குப் போட்டுச் சொல்லிப்போட்டாங்க பாரு!”

“ஆமாங்கப்பா” என்றேன்.

அவர் அல்வாவை என் கையில் வைத்து, தலையைத் தடவிக் கொடுத்தார்.

“படிச்சு முடிச்சதும் நீ மில்லு, பம்பு செட்டுன்னு எங்கயும் அலைய வேண்டாம் கண்ணு. அந்தக் கம்பெனிக்கே போயிச் சேந்துக்க. பொய் சொல்லாமப் பொழைக்கற தொழில் இந்தச் சீமையில அது ஒண்ணுதான்.”